பின்னல் ஊசியின் இயற்பியல்

கருங்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கொக்கி ஊசியால் மேசை விரிப்புகள் பின்னி விற்பவர். குரோஷா வேலை என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான். சென்ற ஆண்டு இடவப்பாதி மழை பிடித்த நாட்களில் அவர் பன்னிரண்டு வட்ட விரிப்புகளைப் பின்னி முடித்து ஏஜெண்டிடம் கொடுத்தார். ஏழுக்குக் கூலி வந்தது; ஐந்து திரும்பி வந்தன. மேசைமேல் வைத்தால் அந்த ஐந்தும் படிந்து கிடக்கவில்லை. ஓரம் மேலெழும்பிக் கிண்ணம்போல் நின்றன. ஒரு விரிப்புக்கு அவருக்கு மூன்று நாட்கள் பிடிக்கும். ஆக, பதினைந்து நாள் உழைப்பு ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்திருந்தது.

"சாரே, நூலு ஒண்ணு, ஊசி ஒண்ணு, கணக்கும் ஒண்ணு. பின்ன இது மட்டும் ஏன் இப்பிடி நிக்குது?" என்று கேட்டார்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அப்போது விடை தெரியவில்லை. நல்ல விரிப்பு ஒன்றையும் கெட்டது ஒன்றையும் வாங்கி வந்து, விளக்கடியில் வைத்துக் கண்ணி கண்ணியாக எண்ணினேன். எண்ணிக்கையில் ஒரு பிழையும் இல்லை. விடை கிடைக்கச் சில நாட்கள் ஆயின. அதைத் தேடும்போது பின்னல் வேலையைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றையும், பின்னுகிறவர்களுக்குப் பயன்படக்கூடிய சில வழிகளையும் இங்கே எழுதுகிறேன். ஊசியைத் தொட்டே பார்க்காத மாணவர்களும் படிக்கலாம். இழுவிசை, உராய்வு, வட்டத்தின் சுற்றளவு ஆகிய மூன்றும் நினைவிருந்தால் போதும்.

நூல் வேலை நம் மாவட்டத்திற்குப் புதிதன்று. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் என்பவரின் துணைவியார் மார்த்தா மால்ட், அங்கே பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் என்பதைத்தான் நம் பக்கத்துப் பெரியவர்கள் ரேந்தை என்பார்கள். 'ரெண்டா' என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அது. அந்த வேலை கொக்கி ஊசியால் செய்வதன்று. தலையணைமேல் குண்டூசிகளை நட்டு, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, ரேந்தை விற்றுச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஆந்திராவில் நரசாபுரத்துக் குரோஷா வேலைக்காரப் பெண்களைப் பற்றி 1982-இல் நூல் எழுதிய மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியலாளர் சொன்னதும் இதுவே: வீட்டிலிருந்து செய்வதால் அது 'ஓய்வு நேர வேலை' என்று பெயர் பெற்று, கூலி குறைந்து போகிறது.

நீளாத நூல், நீளும் துணி

ஒரு பழைய பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இழுங்கள். அகலம் ஒன்றரை மடங்காகிறது. விட்டால் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வருகிறது. இனி ஒரு பருத்தி வேட்டியை இழுத்துப் பாருங்கள். அசைந்து கொடுக்காது. இரண்டும் ஒரே பருத்திதான். பருத்தி நூலோ நூற்றுக்குப் பத்துப் பங்கு நீள்வதற்குள்ளேயே அறுந்துவிடும். அப்படியானால் பனியன் எங்கிருந்து நீள்கிறது?

சுருள்வில்லை நினைத்துக்கொள்ளுங்கள். எஃகுக் கம்பியை நேராகப் பிடித்து இழுத்தால் கண்ணுக்குத் தெரியும்படி நீளாது. அதே கம்பியைச் சுருளாக்கினால் சிறுவன்கூட இழுத்து நீட்டுவான். நீள்வது கம்பியன்று; அதன் வடிவமே மாறுகிறது. பின்னல் துணியும் அப்படித்தான். நெய்த துணியில் நூல்கள் ஏறத்தாழ நேராக, பாவும் ஊடுமாக ஓடுகின்றன. பின்னலில் ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததற்குள் நுழைந்து நிற்கிறது. அகலவாட்டில் இழுத்தால் கண்ணி பக்கவாட்டில் விரிந்து உயரத்தில் குறைகிறது. பனியனை இழுக்கும்போது அதன் நீளம் குறைவதையும் கவனியுங்கள்.

கம்பளியும் பருத்தியும் ஒரே கண்ணியில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வளைத்த கம்பளி நூல் திரும்பி நிமிர முயலும். பருத்தி நூலுக்கு அந்த முனைப்புக் குறைவு. எனவேதான் கம்பளியில் பின்னிய குழந்தைக் குல்லாய் தலையைக் கவ்விப் பிடிக்க, அதே கணக்கில் பருத்தி நூலால் பின்னியது நாலு நாளில் தொளதொளத்துப் போகிறது. கருங்கல்லில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வடக்கே வேலைக்குப் போன பிள்ளைகளின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊரிலிருந்து சிறிது தூரத்தில் கடற்கரை. குளச்சலிலும் குறும்பனையிலும் வலை பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் கட்டப்பட்டது. ஒரு கண் அறுந்தால் அந்த ஓட்டை மட்டுமே. அது தானாகப் பெருகாது. ஸ்வெட்டரில் முடிச்சே இல்லை. ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால், அதைத் தாங்கி நின்ற கீழ்க்கண்ணியும் அவிழும். பிறகு அதன் கீழ்க்கண்ணி. ஏணிப்படிபோல் கோடு இறங்கிக்கொண்டே போகும். இப்படி நழுவியதைப் பார்த்ததும் பதறித் துணியை விரித்துப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. அகலவாட்டில் இழுத்தால்தான் கண்ணி வேகமாக அவிழும். முதலில் ஓர் ஊக்கை எடுத்து நழுவிய கண்ணியில் மாட்டிவிடுங்கள். பிறகு கொக்கி ஊசியைக் கண்ணிக்குள் விட்டு, அதற்கு மேலே குறுக்காக நிற்கும் முதல் படியைப் பிடித்துக் கண்ணி வழியாக இழுங்கள்; அதுவே புதிய கண்ணி. இப்படிப் படி படியாக மேலே ஏறி வந்தால், அவிழ்ந்த இடம் தெரியாமல் மூடிவிடும். கடினமான பூவேலை தொடங்குமுன் ஒரு வரிசைக் கண்ணிகள் அனைத்தின் ஊடாகவும் வேறு நிற மெல்லிய நூல் ஒன்றைக் கோத்துவிட்டால் இன்னும் நல்லது. பிழை நேர்ந்தால் அந்தக் காப்பு நூல்வரை மட்டும் பிரித்தால் போதும்.

கொக்கி ஊசி வேலையில் இந்த அச்சம் குறைவு. இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசை முழுவதும், நூறோ இருநூறோ கண்ணிகள், திறந்தபடி ஊசியில் காத்திருக்கின்றன. கொக்கி ஊசியிலோ எந்த நேரத்திலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. எழுந்து போகும்போது அந்த ஒன்றில் ஊக்கை மாட்டிவிட்டால் போதும். மாட்டாமல் போய், குழந்தை நூலைப் பிடித்து இழுத்துவிட்டால் ஒரு மணி நேர வேலை அரை நிமிடத்தில் போகும் என்பதும் உண்மைதான்.

இன்னொரு தொல்லை, ஓரம் சுருளுவது. புதிய கண்ணியைப் பழைய கண்ணியின் வழியாக நம் பக்கம் இழுத்தால் நேர்க்கண்ணி. நம்மை விட்டு அப்பால் இழுத்தால் எதிர்க்கண்ணி. ஒரு பக்கம் முழுதும் நேர்க்கண்ணியாகத் தெரியும்படி பின்னிய துணியின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் முன்பக்கமாகவும், இடவல ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருளும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் சில நாட்களில் மீண்டும் சுருளும். இது பின்னுபவரின் குறையன்று. ஒவ்வொரு கண்ணியிலும் நூல் ஒரே திசையில் வளைக்கப்பட்டிருக்கிறது. வளைந்த நூல் நிமிர முயல்கிறது. நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஒரே பக்கம் தள்ளும்போது ஓரம் உருண்டுவிடுகிறது. எனவே தள்ளுதலைச் சமன் செய்வதே மருந்து. ஓரத்தில் நான்கைந்து கண்ணிகளை நேர், எதிர், நேர், எதிர் என்று மாற்றிப் பின்னி, அடுத்த வரிசையில் அவற்றையே இடம் மாற்றிப் போட்டால் ஓரம் படியும். காலுறையின் வாய்ப்பகுதியில் காணும் வரிவரியான பின்னலும் நேர்க்கண்ணி, எதிர்க்கண்ணிகளை நிரை நிரையாக மாற்றிப் போட்டதே. அது விசிறிபோல் மடிந்து கிடப்பதால் மற்ற பின்னலைவிட அதிகமாக நீண்டு கொடுக்கும். கழுத்து வழியே தலை நுழையாத குழந்தைச் சட்டை எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. கடைசி வரிசையை இறுக்கி முடித்ததால் வரும் வினை அது. அந்த வரிசையை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியால் முடியுங்கள்.

ஆறா, பன்னிரண்டா?

இனி வட்ட விரிப்புக்கு வருவோம். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளர்வது அது. ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கண்ணிகளைக் கூட்டினால் தட்டையாகக் கிடக்கும்? பின்னத் தெரிந்த பாட்டிகளிடம் கேட்டால் "குட்டைக் கண்ணிக்கு ஆறு, நெட்டைக் கண்ணிக்குப் பன்னிரண்டு" என்பார்கள். ஏன் ஆறு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

காரணம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. வட்டத்தின் சுற்றளவு 2πr. ஒரு சுற்றுப் பின்னினால் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. ஆகவே சுற்றளவு 2π மடங்கு, அதாவது 6.28 கண்ணி உயரம் கூட வேண்டும். கண்ணியின் உயரமும் அகலமும் சமமானால் 6.28 கண்ணிகள் தேவை. குட்டைக் கண்ணியின் உயரம் அகலத்தைவிடச் சற்றே குறைவு என்பதால் ஆறு சரியாக வருகிறது. நூலை ஒருமுறை ஊசியில் சுற்றிக்கொண்டு பின்னும் நெட்டைக் கண்ணி ஏறத்தாழ இரு மடங்கு உயரம், எனவே பன்னிரண்டு. வட்டம் எவ்வளவு பெரிதானாலும் இந்த எண் மாறாது என்பதுதான் இதில் அழகு. பத்தாம் சுற்றிலும் ஆறு, ஐம்பதாம் சுற்றிலும் ஆறு. கூட்டும் ஆறையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டினால் அங்கே மூலை விழுந்து அறுகோணமாகிவிடும். சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றிக் கூட்டுங்கள்.

ஆறுக்குக் குறைத்தால் சுற்றளவு போதாமல் ஓரம் எழும்பிக் கிண்ணமாகும். குல்லாய் பின்னுகிறவர்கள் வேண்டுமென்றே செய்வது இது. தலையின் சுற்றளவு 54 செ.மீ. என்றால் அதை π-ஆல் வகுத்துப் பாருங்கள்: சுமார் 17 செ.மீ. தட்டை வட்டம் 17 செ.மீ. குறுக்களவு வரும்வரை ஆறு ஆறாகக் கூட்டுங்கள். பிறகு கூட்டுவதை நிறுத்திவிட்டால், வட்டம் கீழே மடிந்து நேர்க்குழாயாக இறங்கும்.

ஆறுக்கு மேல் கூட்டினால்? சுற்றளவு மிஞ்சிப் போய், இடமில்லாமல் கொசுவமாக அலைபாயும். இந்த அலைத் துணிக்கு ஒரு கதை உண்டு. இணைகோடுகள் பற்றிய யூக்ளிடின் விதி பொருந்தாத ஒரு வடிவியலைக் கணித அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். கையில் எடுத்துக் காட்ட மட்டும் நல்ல மாதிரி இல்லை. காகிதத்தில் ஒட்டிச் செய்தவை கிழிந்து போயின. 1997-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த தாய்னா தைமிணா என்ற லாட்விய நாட்டுப் பெண்மணி, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், அந்த வடிவியலின் தளத்தைக் கொக்கி ஊசியால் பின்னிக் காட்டினார். மாணவர்கள் அதைக் கையால் மடித்துப் பார்த்தே தேற்றங்களைப் புரிந்துகொண்டார்கள். பவளப் பாறைகளிலும் கீரை இலையின் ஓரத்திலும் நாம் காணும் சுருக்கம் இதே வகைதான்.

நம் விரிப்புக்குத் திரும்புவோம். சுற்றளவு எவ்வளவு குறைந்தால் எவ்வளவு எழும்பும்? விரிப்பின் ஆரம் 15 செ.மீ. தட்டையாகக் கிடக்க அதன் ஓரம் 94 செ.மீ. இருக்க வேண்டும். நூற்றுக்கு ஒரு பங்கு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 9 மில்லிமீட்டர். துணி சிறிதும் நீளாத காகிதம்போல் இருந்து ஒரே சீரான கூம்பாக நின்றால், பித்தாகரஸ் தேற்றப்படி அதன் உயரம் 15 × √(1 − 0.99²). போட்டுப் பாருங்கள்: 2.1 செ.மீ.! ஐந்து பங்கு குறைந்தால் 4.7 செ.மீ. ஓரத்தில் 9 மில்லிமீட்டர் குறைவு, உயரத்தில் இரண்டு சென்டிமீட்டராகத் தலை நீட்டுகிறது. நல்ல வேளையாக நூல் காகிதமன்று. கண்ணிகள் கொஞ்சம் நீண்டு கொடுப்பதால் உண்மையில் எழுச்சி இதைவிடக் குறைவு. ஆனாலும் சிறிய குறை பெரிதாகத் தெரிவது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இரண்டு கைகள்

அக்காவிடம் போய், "இந்த ஐந்தையும் பின்னும்போது ஏதாவது வித்தியாசமாகச் செய்தீர்களா?" என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். பிறகு, இரவில் கண் சரியாகத் தெரியாததால் அந்த ஐந்தின் கடைசிச் சுற்றுகளை மகள் பின்னியதாகச் சொன்னார். இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பின்னச் சொல்லிப் பார்த்தேன். அம்மா நூலை விரல்களுக்கு மேலாக விட்டு, அரைச் சுற்று வளைத்துப் பிடிக்கிறார். மகளோ அதற்கு மேலும் சுண்டு விரலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக்கொள்கிறாள். வித்தியாசம் அவ்வளவே.

அந்த ஒரு சுற்றுக்கு என்ன ஆற்றல் என்று பாருங்கள். மிரண்டு ஓடும் மாட்டைக் கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. ஆனால் கயிற்றைத் தென்னையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சிறுவன் பிடித்து நிறுத்துவான். சுற்றிய பரப்பு முழுவதும் உராய்வு சிறிது சிறிதாக விசையைப் பெருக்குகிறது. சுற்று கூடக் கூட, விசை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை; பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. ஆய்லர் தந்த சூத்திரம் இது: வெளிவரும் இழுவிசை = உள்வரும் இழுவிசை × e^μθ. இங்கே μ உராய்வுக் கெழு, θ சுற்றிய கோணம். மரம் பருமனானதா, விரல் மெலிந்ததா என்பது சூத்திரத்தில் வரவே இல்லை!

நூலுக்கும் தோலுக்கும் இடையே μ = 0.3 எனக் கொள்வோம். நூற்பந்திலிருந்து வரும் நூலில் 2 கிராம் எடையளவு இழுவிசை இருப்பதாகவும் கொள்வோம். அம்மாவின் அரைச் சுற்றில் (θ = π) அது 2.6 மடங்காகி, ஊசிக்கு வரும்போது 5 கிராம் ஆகிறது. மகளின் ஒன்றரைச் சுற்றில் (θ = 3π) அது 17 மடங்காகி 34 கிராம் ஆகிறது. அது மழைக்காலம் வேறு. கை வியர்த்து ஈரப்பட்டால் தோலில் உராய்வு கூடும். μ 0.4 ஆனால் மகளுக்கு 87 கிராம்! இறுகி வந்த நூலில் கண்ணி சிறிதாக விழும். எண்ணிக்கை ஒன்றே, ஒவ்வொரு கண்ணியும் ஒரு நூலிழை சிறியது. உள்வட்டம் அம்மாவின் அளவு, வெளிவட்டம் மகளின் அளவு. ஓரம் எழும்பாமல் என்ன செய்யும்?

இதிலிருந்து சில வழிகள் கிடைக்கின்றன. ஒரு வேலையைத் தொடங்கியவரே முடிப்பது நல்லது. இருவர் சேர்ந்து பின்ன வேண்டுமானால் ஒரே விரிப்பைப் பங்கிடாமல், ஆளுக்கொரு விரிப்பாகப் பின்னுங்கள். முடியாது என்றால், இறுக்கிப் பின்னுகிறவர் அரை மில்லிமீட்டர் பெரிய கொக்கி ஊசியை எடுத்துக்கொள்ளட்டும். கண்ணியின் அளவை ஊசியின் பருமனும் இழுவிசையும் சேர்ந்து தீர்மானிப்பதால், ஒன்றின் மிகையை மற்றொன்று ஈடுசெய்யும். கை வியர்க்கிறவர்கள் கொஞ்சம் பவுடர் தடவிக்கொள்ளலாம். அல்லது விரலில் சுற்றும் சுற்றைக் குறைக்கலாம். களைப்பிலும் கோபத்திலும் கை இறுகும். அம்மா பின்னியதைப் பார்த்தே அன்று வீட்டில் சண்டையா என்று சொல்லிவிடலாம் என்று மகள் சொன்னாள். அதை நான் சோதித்துப் பார்க்கவில்லை.

நூல் பந்தும் இழுவிசையைக் கெடுக்கும். பந்து தரையில் உருண்டு உருண்டு நூல் விடுமானால், இழுக்கும் விசை ஏறி இறங்கும். பந்தின் நடுவிலிருந்து நூலை உருவினால் இழுவிசை சீராக வரும். ஆனால் பந்திலிருந்து கழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் ஒரு முறுக்கு ஏறும் அல்லது இறங்கும். சிறிது நேரத்தில் நூல் தன்மேலேயே சுருண்டு கொள்ளும். வேலையை நூலோடு தொங்கவிட்டு, தானாகச் சுழன்று ஓயும்வரை விட்டுவிடுங்கள், முறுக்கு வடிந்துவிடும். கடையில் நூல் வாங்கும்போதே இதைச் சோதிக்கலாம். ஒரு முழ நூலை இரு கையிலும் பிடித்து, கைகளை நெருக்குங்கள். நூல் அமைதியாகத் தொங்கினால் நல்ல நூல். விர்ரென்று முறுக்கிக்கொண்டால் பின்னிய துணியும் சாய்ந்துகொண்டு போகும். மலிவான பனியன்களில் பக்கத் தையல் நாளடைவில் வயிற்றுப் பக்கம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நூலின் முறுக்கு கண்ணிகளைச் சாய்த்துவிடுவதே பெரும்பாலும் காரணம். திருப்பூர் ஆலைகளில் இந்தச் சாய்வைக் குறைக்கத் தனிப் பக்குவங்கள் செய்கிறார்கள்.

இருபது அலைவுகள்

சோதனைத் துண்டு பின்னாமல் சட்டையைத் தொடங்குகிறவர்களே அதிகம். நூல் வீணாகிறதே என்பார்கள். கணக்கைப் பாருங்கள். மார்பளவு 100 செ.மீ. உள்ள ஸ்வெட்டர். 10 செ.மீ.க்கு 22 கண்ணிகள் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. 220 கண்ணிகள் ஏற்றுகிறீர்கள். உங்கள் கைக்கோ 10 செ.மீ.க்கு 20 கண்ணிகள்தான் விழுகின்றன. முடிந்த ஸ்வெட்டர் 110 செ.மீ. இரண்டு கண்ணி வித்தியாசம் ஒரு சாண் துணிக்குப் பாதியை மிகையாக்கிவிட்டது.

துண்டு பின்னுகிறவர்களும் அதைச் சின்னதாகப் பின்னி, ஓரத்திலிருந்து அளப்பார்கள். ஊசலின் அலைவு நேரம் காணும்போது ஏன் இருபது அலைவுகளை எண்ணுகிறோம்? நிறுத்துக் கடிகாரத்தை அமுக்குவதில் வரும் பிழை ஒன்றுதான். அதை இருபதால் வகுத்தால் சிறிதாகிறது. இங்கும் அப்படியே. அளவுகோலின் முனையில் அரைக் கண்ணி தவறாக எண்ணினால், 20 கண்ணிகளில் அது நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. 40 கண்ணிகளில் ஒன்றேகால் பங்கு. எனவே ஒரு சாண் சதுரமாகவாவது பின்னி, ஓரம் சுருளும் இடத்தை விட்டு நடுவில் அளவெடுங்கள். முக்கியமாக, துவைத்துக் காயவைத்த பிறகு அளவெடுங்கள். பின்னும்போது இழுபட்டு நின்ற கண்ணிகள் முதல் சலவையில்தான் தம் இயல்பான வடிவத்திற்கு வருகின்றன. பருத்தி சுருங்குவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

தண்ணீரும் கஞ்சியும்

திரும்பி வந்த ஐந்து விரிப்புகளையும் காப்பாற்ற முடியுமா என்பதே அக்காவின் கவலை. காரணம் தெரிந்தால் போதாதல்லவா?

பின்னியதை நனைத்து, இழுத்து, குண்டூசி குத்திக் காயவைப்பது பழைய முறை. கம்பளியில் இது அற்புதமாக வேலை செய்யும். கம்பளி ஒரு புரதம். நம் தலைமயிரும் அதே இனம். அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீரில் விட்டுப்போகின்றன. காயும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மீண்டும் பிணைகின்றன. ஈர மயிரைச் சுருட்டி வைத்துக் காயவிட்டால் சுருளாக நிற்பது இதனால்தான். ஆனால் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கிவிடாதீர்கள். இழையின்மேல் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் பொம்மைச் சட்டையாகிவிடும். அதைத் திருப்பவே முடியாது. அக்ரிலிக் நூலுக்குத் தண்ணீர் பெரிதாக ஒன்றும் செய்யாது; சூடான இஸ்திரிப் பெட்டி பட்டாலோ துவண்டு உயிரற்றுப் போகும்.

பருத்தி இரண்டிற்கும் நடுவில். ஈரத்தில் அதன் வலு கூடும், ஆகவே நனைத்து இழுக்க அஞ்ச வேண்டாம். ஆனால் இழுத்த வடிவத்தில் தானாக நெடுநாள் நிற்காது. அங்கேதான் கஞ்சி வருகிறது. கஞ்சியில் உள்ள மாவுச்சத்து, காய்ந்ததும் இழைகளுக்கிடையே மெல்லிய படலமாகப் படிந்து கண்ணிகளை அசையாமல் பிடித்துக்கொள்கிறது.

ஒரு தெர்மோகோல் பலகைமேல் வெள்ளைத் தாளை ஒட்டி, 15 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டு, 24 சம பாகமாகப் பிரித்தோம். விரிப்பை நனைத்து, பிழிந்து, வடித்த கஞ்சியைத் தண்ணீர்விட்டு இளக்கி அதில் முக்கினோம். முதலில் நடுவில் ஓர் ஊசி. பிறகு எதிரெதிராக நான்கு. பிறகு இடையிடையே மற்றவை. ஒரு பக்கமாகவே குத்திக்கொண்டு போனால் வட்டம் முட்டையாகிவிடும். துருப்பிடிக்காத ஊசிகளாகப் பார்த்து வாங்குங்கள்; வெள்ளை நூலில் துருக்கறை ஏறினால் போகாது. மழைக்காலமாகையால் காய இரண்டு நாட்கள் ஆயின.

மூன்று விரிப்புகள் படிந்துவிட்டன. ஏஜெண்டு பேசாமல் வாங்கிக்கொண்டார். மற்ற இரண்டில் குறை அதிகம். ஊசியை எடுத்த மறுநாளே ஓரம் தலைதூக்கியது. அவற்றை மகள் பின்னத் தொடங்கிய சுற்றுவரை பிரித்து, அதே நூலால் மறுபடியும் பின்னினார்கள். இம்முறையும் பின்னியது மகள்தான். நூலைப் பிடிக்கும் பழக்கத்தை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. ஊசியை மட்டும் மாற்றிக்கொண்டாள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் விரிப்பைத் தரையில் போட்டுப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஒன்று சொல்ல மறந்தேன். கஞ்சி போட்ட விரிப்பைப் பெட்டியில் மடித்து வைக்காதீர்கள். மடித்த இடத்தில் கோடு விழும்; நம் ஊர் மழையில் பூஞ்சணம் பிடிக்கும்; பூச்சியும் வரும். விற்கக் கொடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு கஞ்சி போட்டால் போதும். அதுவரை துவைத்து, கஞ்சியில்லாமல், ஒரு காகிதக் குழாயில் சுற்றி வையுங்கள்.